ஓரியன் நெபுலா: நடுப்பகுதி மட்டும் வெள்ளையாகிவிடுகிறது

மொட்டைமாடி_வானம்:
போன சனிக்கிழமை ஏலகிரியில் எம்42-ஐ, அதாவது ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைப் படம் எடுத்தேன். பழைய கிராப் சென்சார் கேமரா, 200 எம்எம் லென்ஸ், எஃப் 4, ஐஎஸ்ஓ 1600, ஒவ்வொன்றும் 60 நொடி. நம் ஊரில் துருவ நட்சத்திரம் பன்னிரண்டு டிகிரி உயரத்தில்தான் நிற்கும். எனக்கு அது சரியாக ஒரு பலா மரத்துக்குப் பின்னால். வானம் சுழல்வதற்கேற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கரை அதற்கு நேராக வைத்து முடிக்கவே பத்தரை மணி. அப்புறம் லென்ஸில் பனி. கடைசியில் தேறியது 70 படம்.

சிரில் மென்பொருளில் ஸ்டேக் போட்டு (எல்லாப் படங்களையும் ஒன்றாக்கி), ஸ்ட்ரெச் செய்தால் (மங்கலான பகுதிகளைப் பிரகாசமாக்கினால்) நெபுலாவின் சிறகுகள் அருமையாக விரிகின்றன. நடுவில் மட்டும் சுண்ணாம்பு அப்பிய மாதிரி வெள்ளை. ஹைலைட்டைக் குறைத்தால் அந்த வெள்ளை சாம்பல் நிறமாகிறது, வேறு ஒன்றும் வரவில்லை. எங்கே தப்பு?

இருட்டுப்பூனை:
ஸ்ட்ரெச்சைத் திட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு ரா படத்தைத் திறந்து, திரையை லீனியரில், அதாவது ஸ்ட்ரெச் செய்யாத நிலையில், வைத்துப் பாருங்கள். ஆட்டோஸ்ட்ரெச் கண்ணை ஏமாற்றும். லீனியரிலும் நடுப்பகுதி வெந்துபோயிருந்தால் (வெளிச்சம் மிஞ்சி, விவரம் பதியாமல் வெள்ளையாகியிருந்தால்) 70 என்ன, 700 படம் சேர்த்தாலும் வராது. நடுவில் நெருக்கமாக இருக்கும் நான்கு ட்ரபீசிய நட்சத்திரங்களைச் சுற்றியுள்ள இடத்துக்கும் சிறகு ஓரத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் அவ்வளவு. தனியாக 5 நொடியில் ஒரு முப்பது படம் எடுத்து, அதைத் தனி ஸ்டேக்காகப் போட்டு, கிம்ப் மென்பொருளில் லேயர் மாஸ்க் (எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று குறிக்கும் மறைப்பு) வைத்து நடுவில் மட்டும் இறக்குங்கள். மாஸ்க்கை நன்றாக மங்கலாக்குங்கள், இல்லையென்றால் ஒட்டுப்போட்ட சட்டைதான்.

மூன்றாம்_பிறை:
மாஸ்க்கில் இன்னொரு விஷயம்: நடுப்பகுதி ஓரத்தைவிடக் கொஞ்சமாவது பிரகாசமாகவே இருக்கட்டும். நிறையப் பேர் அதை அமுக்கி அமுக்கித் தட்டையாக்கிவிடுகிறார்கள், பார்க்க நெபுலாவாகவே இல்லை. ட்ரபீசியத்தின் நான்கு நட்சத்திரமும் தனித்தனியாகத் தெரியும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் 200 எம்எம்-ல் அவற்றுக்கு நடுவே இரண்டு மூன்று பிக்சல்தான் இடைவெளி. சிவப்பு குறைவாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். வானப் படத்துக்காக மாற்றியமைக்காத கேமராவின் வடிகட்டி 656 நானோமீட்டர் சிவப்பு ஹைட்ரஜன் ஒளியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

மொட்டைமாடி_வானம்:
பார்த்தேன். லீனியரிலேயே வெந்திருக்கிறது. மறுபடி மலை ஏற வேண்டுமே என்று நொந்துகொண்டிருந்தபோது 'குப்பை' என்று பேர் வைத்த ஃபோல்டர் ஞாபகம் வந்தது. ஃபோகஸ் சரிபார்க்க எடுத்த 4 நொடிப் படங்கள் பதினொன்று அதில் கிடந்தன, ஏழு கூர்மை. இவ்வளவு பிரகாசமான இடத்துக்கு ஏழே போதுமாயிருந்தது, நடுவில் இருண்ட மடிப்புகூடத் தெரிகிறது. மாஸ்க் ஓரம் இன்னும் கொஞ்சம் பச்சையடிக்கிறது. அதை நாளை ராத்திரி பார்க்க வேண்டும்.