புதுப்பிப்பு: டாம்கேட்டில் காணாமல் போன பிராப்பர்ட்டீஸ் கோப்பு

நிரல் எழுதும் கருவியான எக்லிப்ஸில் ஒழுங்காகத் திறக்கும் என் ஜாவா வலைச் செயலியின் அமைப்புக் கோப்பு (பிராப்பர்ட்டீஸ் கோப்பு), செயலியை டாம்கேட் சேவையகத்தில் ஏற்றியதும் கிடைக்கவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது.

கோப்பைப் படிக்கும் ஃபைல்இன்புட்ஸ்ட்ரீமுக்குத் தரும் சார்புப் பாதை, ஜேவிஎம் (ஜாவா நிரலை இயக்கும் மென்பொருள்) தொடங்கப்பட்ட அடைவிலிருந்து கணக்கிடப்படுகிறது. நம் செயலி இருக்கும் இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கோப்பைச் செயலியின் வெப்-இன்ஃப் அடைவுக்குள் உள்ள கிளாசஸ் அடைவில் வைத்து, அங்கிருந்து கோப்புகளை ஏற்றும் கிளாஸ்லோடரின் கெட்ரிசோர்ஸ்ஆஸ்ஸ்ட்ரீம் வழியாக எடுத்தேன். இங்கே பெயருக்கு முன்னால் சாய்கோடு கூடாது. கிளாஸ் பொருளில் அதே முறையை அழைத்து வேரிலிருந்து தேடினால் சாய்கோடு வேண்டும். இந்த முரணை யார் வகுத்தார்களோ! கோப்பு வட்டில் இருக்கும் பாதையைத் தரும் கெட்ரியல்பாத்தைப் பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி. ஆனால் வார் கோப்பு (செயலி முழுவதையும் அடக்கிய பொதி) விரிக்கப்படாமல் ஓடினால் அது நல் (null, வெற்று மதிப்பு) தரும். எனக்கு அது ஒத்துவராது.

அடுத்த தலைவலி, தமிழ்ச் செய்திகள் குப்பை எழுத்துகளாக வந்தது. பிராப்பர்ட்டீஸின் லோட் முறைக்கு இன்புட்ஸ்ட்ரீம் கொடுத்தால், தமிழ் எழுத்துகள் இல்லாத ஐஎஸ்ஓ 8859-1 குறியாக்கம் என்றே படிக்கும். தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்துக்கு ஜாவா 9 இயல்பாக மாற்றியது, மொழிவாரிச் செய்திகளைப் படிக்கும் ரிசோர்ஸ்பண்டிலைத்தான், லோட் முறையை அல்ல. யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு இன்புட்ஸ்ட்ரீம்ரீடரைக் கொடுத்ததும் எழுத்துகள் சரியாயின.

தரவுத்தளக் கடவுச்சொல்லை மட்டும் வாருக்கு வெளியே தனிக் கோப்பில் வைத்து, அதன் முழுப் பாதையை ஜேவிஎம் தொடங்கும்போது சிஸ்டம் பிராப்பர்ட்டியாக (நிரல் படிக்கக்கூடிய தொடக்க அமைப்பாக) தருகிறேன்.