பள்ளிக்கு எதிர்லயே கடை, என்ன செய்யலாம்?

வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு அரசுப் பள்ளியில மேலாண்மைக் குழு உறுப்பினரா இருக்கேன். போன வாரம் ஒன்பதாவது படிக்கிற பையனோட புத்தகப் பையில, உதட்டுக்கடியில வைக்கிற புகையிலைப் பொட்டலம் மூணு இருந்துச்சு. கேட்டா, "தக்காளி மண்டியில அண்ணனுங்க எல்லாம் வைக்கிறாங்களே"ங்கிறான். லீவு நாள்ல அங்க கூடை தூக்கப் போறவன்.

வாங்கினது பள்ளிக்கு எதிர்ல இருக்கிற பெட்டிக்கடையில. 100 கெஜத்துக்குள்ள புகையிலை விக்கக் கூடாதுன்னு 2003லயே சட்டம் வந்தாச்சு. சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவுல 7 வருஷம் வரை சிறையே உண்டு. ஆனா கடைக்காரர் எங்க பங்காளி (அங்கதான் சிக்கல்). குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொன்னா யார் சொன்னதுன்னு வெளிய தெரியுமா?

பையனுக்கு டிசி கொடுக்கணும்னு சிலர் நிக்கிறாங்க. எனக்கு மனசு ஒப்பல. அனுப்பினா நேரா மண்டிக்குத்தான் போவான். தருமபுரி ஜிஎச்ல இந்த வயசுப் பசங்களுக்கு ஆலோசனை எந்தக் கிழமைல? கூட்டிட்டுப் போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.