பிஎஸ்5-க்கு 55 இன்ச் டிவி: "120 ஹெர்ட்ஸ் டிஎல்ஜி" என்றால் நிஜமாகவே 120-ஆ?

திரைதேடி:
பிஎஸ்5-க்கு டிவி பார்க்கிறேன். சோபாவுக்கும் சுவருக்கும் 7 அடி. சவுண்ட்பார் ஏற்கெனவே இருக்கு. கையில் இரண்டு மாடல். ஒன்று கியூஎல்இடி: "120 ஹெர்ட்ஸ் டிஎல்ஜி, எம்இஎம்சி, ஹெச்டிஎம்ஐ 2.1 x 3". இன்னொன்று மினி எல்இடி: "144 ஹெர்ட்ஸ் நேட்டிவ்", 18,000 ரூபாய் கூட. கடையில் ரெண்டும் ஒண்ணுதான் என்கிறார்கள். விலை குறைந்ததே போதுமா?

பிக்சல்பித்தன்:
ஒண்ணு இல்லை. முதல் டிவியின் பேனல் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 தடவைதான் திரையைப் புதுப்பிக்கும்.

4கே பேனலில் மேலிருந்து கீழே 2160 வரிகள். டிஎல்ஜி முறையில் இரண்டிரண்டு வரிகளுக்கு ஒரே தகவலைக் கொடுத்துச் சேர்த்தே எழுதுவார்கள். வேலை பாதியாவதால் வேகம் இரட்டிப்பாகும். ஆனால் 1080 வரிக்கான விவரம்தான் மிஞ்சும். கார் ரேஸில் அவ்வளவாகத் தெரியாது. கம்பி வேலி, மரக்கிளை, பொடி எழுத்து வந்தால் விளிம்பு பிசிறடிக்கும்.

எம்இஎம்சி என்பது இரண்டு ஃப்ரேமுக்கு (தனித்தனிப் படத்துக்கு) நடுவே டிவியே ஒன்றை உருவாக்கிச் செருகுவது. அதற்கு அடுத்த ஃப்ரேம் வரும்வரை டிவி காத்திருக்கணும். அந்தக் காத்திருப்பு அப்படியே பட்டன் தாமதமாக உங்கள் தலையில் விழும். கிரிக்கெட்டுக்குச் சரி, கேமுக்குச் செல்லாக்காசு.

"ஹெச்டிஎம்ஐ 2.1" என்ற எழுத்தையும் நம்பாதீங்க. அதிலுள்ள வசதிகளில் பல கட்டாயமில்லை. பழைய 18 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 18 ஜிகாபிட்) போர்ட்டுக்கும் அதே பெயர் வைக்கலாம், 4கே-வில் 60-க்கு மேல் அதில் போகாது. மேனுவலைத் தரவிறக்கி, எந்த போர்ட்டுக்கு நேரே "4கே 120 ஹெர்ட்ஸ்" என்று இருக்குன்னு பாருங்க.

நிதானி:
120 எதுக்கு என்றும் யோசிங்க ப்ரோ. பெரும்பாலான பிஎஸ்5 கேம்கள் 30 அல்லது 60 எஃப்பிஎஸ்ஸில்தான் (நொடிக்கு இத்தனை ஃப்ரேம்) ஓடும். தாமதம் குறைவான நல்ல 60 ஹெர்ட்ஸ் டிவியே பலருக்குப் போதும். கேம் மோடில் 60 ஹெர்ட்ஸில் 10 மில்லிசெகண்ட் சுமாருக்கு வரும் டிவிகள் உண்டு. அதே டிவி சினிமா மோடில் 100-ஐத் தொடலாம்.

பிக்சல்பித்தன்:
பாதி சரி. 120 பேனலின் பெரிய லாபம் 120 எஃப்பிஎஸ் இல்லை, 40 எஃப்பிஎஸ் மோடு. 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 சமமாகப் பிரியாது, படம் தடுக்கும். 120-இல் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக மூன்று தடவை நிற்கும். ஒரு ஃப்ரேமுக்கு 30-இல் 33.3 மில்லிசெகண்ட், 60-இல் 16.7. 40-இல் 25, அதாவது நட்டநடு. குவாலிட்டி மோடின் கிராபிக்ஸை விடாமல் இந்த வழவழப்பு கிடைக்கும். கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றும் விஆர்ஆரும் பிஎஸ்5-இல் 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரைதான். 60 ஹெர்ட்ஸ் டிவி என்றால் 48-க்கும் 60-க்கும் நடுவே ஒரு சந்து மட்டும் மிஞ்சும்.

7 அடிக்கு 55 தாராளம். 18,000 கொடுக்கலாம் என்பேன்.

திரைதேடி:
மினி எல்இடியே எடுத்தாச்சு. இப்போ புதுத் தலைவலி. பிஎஸ்5-இல் வீடியோ அவுட்புட் தகவலைத் திறந்தால், கீழே டிவி பற்றிய பகுதியில் 2160பி-க்கு நேரே 60 மட்டும்தான் இருக்கு. கன்சோலோடு வந்த கேபிள்தான். ஹெச்டிஎம்ஐ 1-இல் சொருகியிருக்கேன். சவுண்ட்பார் இஏஆர்சி போர்ட்டில் (டிவி ஒலியை வெளியே அனுப்பும் போர்ட்).

கேபிள்காரன்:
கேபிள் மேல் தப்பில்லை. இந்த வகை டிவிகள் பலவற்றில் நான்கில் இரண்டு போர்ட்டே 4கே 120 எடுக்கும், அதில் ஒன்று இஏஆர்சி. அதைச் சவுண்ட்பார் பிடித்துவிட்டது. பாக்கி ஒன்று 3 அல்லது 4 ஆக இருக்கலாம், போர்ட் பக்கத்திலேயே பொடியாக எழுதியிருக்கும்.

மாற்றிச் சொருகியதும் டிவி செட்டிங்ஸில் அந்த போர்ட்டுக்கு ஹெச்டிஎம்ஐ ஃபார்மேட்டை என்ஹான்ஸ்டு அல்லது 2.1 என்று வையுங்க (பெயர் பிராண்டுக்கு பிராண்டு மாறும், சிலதில் ஸ்டாண்டர்டில்தான் வரும்). பிறகு பிஎஸ்5-இல் 120 ஹெர்ட்ஸ் அவுட்புட், விஆர்ஆர், ஏஎல்எல்எம் (டிவியைத் தானாகக் கேம் மோடுக்கு மாற்றுவது) மூன்றும் ஆட்டோமேட்டிக். கேம் ப்ரீசெட்டில் பெர்ஃபார்மன்ஸ் மோடு.

திரைதேடி:
போர்ட் 3. இப்போ 60, 120 ரெண்டும் தெரியுது, நன்றி! ஆனா அதே பக்கத்தில் மேலே, இப்போ போகும் சிக்னல் இன்னும் 60 என்றே காட்டுது. 120 கேமுக்குள் போனால் டிவியின் கேம் பாரில் ஆர்ஜிபி போய் 4:2:2 வருது. பழுதா?

கேபிள்காரன்:
ரெண்டும் பழுதில்லை. ஹோம் ஸ்கிரீன் எப்பவும் 60-இல்தான் ஓடும். 4கே 120-இல் 10 பிட் ஆர்ஜிபிக்கு 40 ஜிபிபிஎஸ் பக்கம் வேணும், பிஎஸ்5 கொடுப்பது 32. அதனால் நிற விவரத்தைக் குறைத்து அனுப்புது, 4:2:2 என்பது அதுதான். 7 அடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

பிக்சல்பித்தன்:
பிஎஸ்5-இல் ஹெச்டிஆர் (வெளிச்சம், இருட்டின் வீச்சைக் கூட்டிக் காட்டுவது) அட்ஜஸ்ட்டைக் கேம் மோடு ஓடும்போதே பண்ணுங்க, சினிமா மோடில் செய்தது இங்கே பொருந்தாது. டிவியில் டோன் மேப்பிங்கை (டிவியே வெளிச்சத்தைத் திருத்துவது) ஹெச்ஜிஐஜி-க்கு, அதாவது அந்த வேலையைக் கன்சோலிடமே விடும் முறைக்கு, மாற்றுங்க, இல்லாவிட்டால் அணையுங்க. முதல் இரண்டு திரையில் சூரியன் படம் மறையும் இடத்திலேயே நிறுத்தணும், இன்னும் ஏற்றினால் மேகம் வெளுத்துப்போகும். மூன்றாவதைப் பெரும்பாலும் அடிவரை இறக்கலாம்.

லோடிங் திரையில், இருட்டான காட்சியில் லேசாக மினுக்கினால் விஆர்ஆர் வேலை. அந்த கேமுக்கு மட்டும் அணைத்துப் பாருங்க.

புதுவரவு:
பிஎஸ்4 ப்ரோ மட்டும் இருக்கறவங்களுக்கும் இதே டிவிதானா?

நிதானி:
வேண்டாம் ப்ரோ. அது 4கே 60-க்கு மேல் போகாது. மிச்சமாகும் பணத்தில் கான்ட்ராஸ்ட் நல்ல பேனலாக எடுங்க.