யுகே கராஜ் டிரம்: ஸ்விங் குமிழைத் திருப்பினாலும் ஒண்ணுமே மாறல, ஏன்?

லயத்துப்பையன்:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்டுல இருந்து எழுதுறேன். உருமியையும் யுகே கராஜையும் (இங்கிலாந்து டான்ஸ் இசை) சேர்த்து எஃப்எல் ஸ்டுடியோன்னு கம்ப்யூட்டர்ல இசை கட்டுற சாஃப்ட்வேர்ல ஒரு டிராக் பண்ணிக்கிட்டு இருக்கேன். வேகம் 130 பிபிஎம் (நிமிஷத்துக்கு 130 தட்டு). அடுத்த மாசம் அக்கா கல்யாண விருந்து, பாலாய் ராயாவுல (ஊர்ப் பொது மண்டபம்). அங்க போடணும்னு ஆசை.

ஒரு பாருக்கு நாலு தட்டு, 16 கட்டம். அதுல இப்ப இருக்கிறது இவ்வளவுதான்: கிக் (கனத்த அடி) 1, 11. கிளாப் (கைதட்டல் சத்தம்) 5, 13. ஹை-ஹாட் (சின்னச் சிம்பல்) 3, 7, 11, 15. பேட்டர்ன் சரின்னுதான் எல்லா வீடியோவுலயும் சொல்றாங்க. ஆனா எனக்கு விறைப்பா நிக்குது. ஸ்விங் குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பியும் வித்தியாசமே கேட்கல. சாஃப்ட்வேர் பழுதா?

நம்ம திருவிழா உருமியில அடி எங்கெங்கயோ விழும், ஆனா ஆடுறவன் கால் தடுமாறாது. அந்த ஆட்டம் எனக்கு வேணும். கிக்கை இன்னும் எங்க தள்ளணும்?

ஈப்போ_பாஸ்:

8ல இன்னொரு கிக் போடு. ஹாட்டை 16 கட்டத்துலயும் நிரப்பு. அப்புறம் ஸ்விங்கை ஏத்திப் பாரு லா, கேட்கும்.

பழைய_உருமி:

தம்பி, நானும் சிப்புட்தான். கல்யாணத்துக்கு முந்தி கோயில் கோயிலா உருமி அடிச்சவன், இப்ப செம்பனை ஆலையில ஷிப்ட் வேலை. வேலை முடிஞ்சு வந்தா ஹெட்போனும் டிரம்மும்தான். அதனால உன் கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷமாயிடுச்சு, கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

சாஃப்ட்வேர்ல பழுது ஒண்ணுமில்ல. நீ எழுதின எண்ணையெல்லாம் வரிசையா வை: 1, 3, 5, 7, 11, 13, 15. அத்தனையும் ஒற்றைப்படை. ஸ்விங் நகர்த்துறது 2, 4, 6, 8ன்னு இரட்டைப்படைக் கட்டத்தை மட்டும்தான். அங்க நீ ஒரு அடிகூட வைக்கல. குமிழ் எதைப் பிடிச்சு இழுக்கும்?

கணக்கைப் பாரு. 130ல ஒரு கட்டம் ஏறக்குறைய 115 மில்லிசெகண்ட், ரெண்டு கட்டம் சேர்ந்த ஒரு ஜோடி 231. ரோஜர் லின் 1980ல எல்எம்-1 டிரம் மிஷினை வெளியிட்டப்போ ஸ்விங்குக்குன்னு செஞ்ச வேலை ரொம்பச் சின்னது. ஜோடியில ரெண்டாவது அடியைக் கொஞ்சம் தாமதப்படுத்தினார், அவ்வளவுதான். அவர் கணக்குல 50 சதவீதம்னா ரெண்டும் சமம், 66னா மூணா வெட்டின நடை. கராஜுக்கு 58 பக்கம் வெச்சா ரெண்டாவது அடி சுமார் 18 மில்லிசெகண்ட் பிந்தி விழும். காதுக்குப் பெருசாத் தெரியாது, தோளுக்குத் தெரிஞ்சிடும். எஃப்எல் குமிழுக்கு அளவு வேற, அங்க சுழியத்துல வெச்சாத்தான் ஸ்விங் இல்லாத நேர் நடை. அதனால எண்ணைப் பார்த்து வைக்காதே, கேட்டு வை.

ஈப்போ தம்பி சொன்ன 8ஆம் கட்டக் கிக் நல்ல யோசனை, அது இரட்டைப்படை, ஸ்விங் பிடிக்கும். ஹாட்டை முழுசா நிரப்புறதுலதான் எனக்கு உடன்பாடு இல்ல. எல்லாக் கட்டமும் ஒரே சத்தத்துல நிறைஞ்சுட்டா எந்த அடி முந்தி வந்தது, எது பிந்தி வந்ததுன்னு காது எப்படிப் பிரிச்சு அறியும்?

இப்ப உன் பெரிய கேள்வி, அடி எங்கெங்கயோ விழுந்தும் கால் ஏன் தடுமாறலன்னு. எங்க மேளத்துல ஜால்ராக்காரன் அசையவே மாட்டான். அவன் நிக்கிற தைரியத்துலதான் உருமியும் பம்பையும் திரியும். ஹவுஸ் இசையில அந்த வேலையை 1, 5, 9, 13ல வர்ற கிக் செய்யுது. உன் கராஜ் பேட்டர்ன்ல 5, 9, 13 கிக்கை எடுத்தாச்சு, அதனால 5லயும் 13லயும் வர்ற கிளாப்தான் காவல். அதைத் தொடாதே, ஸ்விங்கும் அதைத் தொடாது. மிச்சத்தை எங்க வேணும்னாலும் தள்ளலாம். இதே எலும்புக்கூட்டை 174 பிபிஎம்முக்கு ஏத்தினா டிரம் அண்ட் பேஸ்ங்கிற வேகமான டான்ஸ் இசை. அங்கயும் கிக் 1, 11, கிளாப் இடத்துல ஸ்னேர் (கூர்மையான டிரம் அடி) 5, 13தான்.

தள்ளுறதுக்கு முன்னாடி மவுஸை விட்டுட்டு வாயால சொல்லு. கையில நாலு தட்டு, வாயில "தகிட தகிட தக". மூணு, மூணு, ரெண்டு. 16 கட்டத்துல ரெண்டு தடவை வரும், அழுத்தம் 1, 4, 7, 9, 12, 15ல விழும். இதுல 1, 9ஐக் கிக்குக்குக் கொடு, 4, 7, 12, 15ஐ ஸ்னேருக்குக் கொடு, அடியில 5லயும் 13லயும் இன்னும் ரெண்டு கிக் வை. கரீபியன்ல பிறந்து ரெகேட்டோன் இசைக்குப் போன டெம்போ (dembow, வேகத்தைச் சொல்ற டெம்போ இல்ல) தாளம் அதுதான். இன்னொண்ணு, "தகிட" நாலு தடவை, கடைசியில ஒரு "தகதிமி". அழுத்தம் 1, 4, 7, 10, 13. தகதிமியோட முதல் அடி 13ல உன் கிளாப் மேலயே வந்து உட்காரும். வெளிய சுத்திட்டு வீட்டுக்குள்ள நுழையிற இடம் அது, நல்லாக் கேளு. வாய் தடுமாறாமச் சொல்ற வரைக்கும் அதைக் கட்டத்துல எழுதாதே.

அடுத்து மெல்லின அடி. 8லயும் 10லயும் ஸ்னேர் வை, ஆனா அடியோட பலம் 127க்கு 35, 40 அளவுதான். கேட்குதா இல்லையான்னு சந்தேகம் வரணும். ம்யூட் பண்ணினா ஏதோ போயிடுச்சுன்னு தெரியணும். ரெண்டுமே இரட்டைப்படை, இனிமே உன் குமிழுக்கு வேலை இருக்கு.

கிக்கோட வாலையும் பாரு. உன் 11க்கும் 13க்கும் நடுவுல 231 மில்லிசெகண்ட்தான் இருக்கு. 808 வகை நீளக் கிக் போட்டா அதோட முழக்கம் கிளாப் மேலயே படுத்துக்கும், தள்ளி வெச்சதே தெரியாது. அதிலயும் பாலாய் ராயா தகரக் கூரைன்னா அடிச் சத்தம் சீக்கிரம் அடங்காது. வாலைக் குட்டையா வெட்டு.

லயத்துப்பையன்:

அண்ணே, ரொம்ப நன்றி. 8, 10ல மெல்லின ஸ்னேர், 8ல கிக், 4லயும் 16லயும் ஒரு ஹாட் வெச்சேன். குமிழைக் கொஞ்சம்தான் திருப்பினேன், அம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்தாங்க! உருமிதான் ஒட்ட மாட்டேங்குது. கூட்டாளி போன்ல அடிச்சு அனுப்பினது. கட்டத்துல ஒட்ட வெச்சா உயிர் போகுது, விட்டா ஓடுது.

கேரித்தீவு_டிஜே:

தம்பி, நான் பந்திங் பக்கம் கல்யாணங்களுக்கு வாசிக்கிற பொண்ணு. உருமி பத்தி அண்ணன் சொல்லட்டும். கூட்டத்தைப் பத்தி நான் ஒண்ணு சொல்றேன். பாட்டிமார், சின்னப் பிள்ளைங்க எல்லாரும் நிக்கிற இடத்துல எடுத்ததும் 9ஐ வெறுமையா விடாதே. முதல் 16 பார் நாலு கிக்கும் ஒழுங்கா வரட்டும், கால் பழகட்டும். அப்புறம் 9ல உள்ளதை மட்டும் எடு. ஆடுறவங்களே அந்த அடியை உடம்பால போட்டுக்குவாங்க. 5, 13ல உள்ள கிக் எட்டு பார் கழிச்சுப் போனாப் போதும்.

பழைய_உருமி:

தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு, அதை அப்படியே செய்.

உருமிக்கு வா. 1969ல தி வின்ஸ்டன்ஸ் குழுவுல கிரெகரி கோல்மன் நாலு பார் டிரம் அடிச்சார், அமென் பிரேக்னு சொல்வாங்க. ஜங்கிள்ங்கிற வேக டான்ஸ் இசைக்காரங்க அதைத் துண்டு துண்டா வெட்டித்தான் ஒரு இசையையே கட்டினாங்க. துண்டுக்குள்ள அவர் கை நகர்ந்த நேரம் அப்படியே இருந்தது, அதனாலதான் எப்படி மாத்தி அடுக்கினாலும் உயிர் இருக்கு. நீயும் ஒவ்வொரு அடியா வெட்டாதே. பெரிய அடியில இருந்து அடுத்த பெரிய அடி வரைக்கும் ஒரு துண்டு. துண்டோட தலையை மட்டும் கட்டத்துல ஒட்டு, உள்ள இருக்கிற சில்லறை அடியைத் தொடாதே. கூட்டாளி வேற வேகத்துல அடிச்சிருந்தா முதல்ல முழுப் பதிவையும் 130க்கு இழுத்துக்கோ, அப்புறம் வெட்டு.

குச்சியை இழுத்துத் தேய்ச்சு வர்ற அந்த "ஊம்" இருக்கே, அதை நான் இருந்தா 9ல விடுவேன். கிக் இல்லாத இடம், பூரா உருமிக்குச் சொந்தம். 11ல கிக் வர்றதுக்குள்ள அது அடங்கணும், இல்லன்னா அடியில ரெண்டும் மோதிக்கும். பேஸ் லைனையும் அங்க ஒதுங்கி நிக்கச் சொல்லு.

துண்டு போட்டதும் இங்க ஏத்து. டிரம் தனி, உருமி தனியா அனுப்பினா நான் கார்ல போட்டுக் கேட்டுட்டு எந்த இடம் இடிக்குதுன்னு சொல்றேன்.