புதுப்பிப்பு: சென்னை – வால்பாறை, தனியாகவா கூட்டமாகவா?

வால்பாறைக்கு பைக்கில் தனியாகப் போவதா, நண்பர்களோடா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "பொள்ளாச்சி வரை தனியாகப் போங்க, மலைக்கு மட்டும் சேர்ந்துக்கோங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது.

விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினேன். யாருடைய டீக்கும் காத்திருக்கவில்லை, அதுவே பெரிய நிம்மதி. ஆனால் சேலம் தாண்டியதும் கண் சொருகியது. பெட்ரோல் பங்கில் அரை மணி நேரம் படுத்தேன். இதை யாரும் எச்சரிக்கவில்லை!

மறுநாள் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். மெதுவாக ஓட்டுபவரை முன்னால் விட்டோம். பாதியில் என் பின் டயர் பஞ்சர், போனில் சிக்னலும் இல்லை. நண்பரிடம் பஞ்சர் கிட்டும் காற்றுப் பம்பும் இருந்தன. தனியாக வந்திருந்தால் தள்ளிக்கொண்டுதான் போயிருப்பேன். அப்புறம், திரும்பும்போது எல்லோரும் சேர்ந்தே வந்தோம். மூன்று மணி நேரம் கூடுதல்.