மறு: அரூப ஓவியத்தைப் பார்ப்பவர் செய்வதற்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். உருவங்களை உள்ளபடி காட்டாத அரூப (abstract) ஓவியத்தின் முன்னால் நின்று பார்ப்பவர் அதில் பொருள் காண்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன சொல் போடலாம் என்று பேசி வருகிறோம். இழை நீண்டுகொண்டே போவதால் இரண்டு மடல்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

> அரூபம் வடமொழி. ‘பொருளிலா ஓவியம்’ என்று வைத்துக்கொண்டால் நல்ல தமிழாகவும் இருக்கும்.

வேண்டாம், ஐயா. நல்ல தமிழ்தான். ஆனால் கேட்கிறவர் காதில் அது ‘அர்த்தமில்லாத ஓவியம்’ என்றுதான் விழும். கண்காட்சிக்கு வரும் பலர் ஏற்கெனவே அந்த நினைப்போடுதான் வருகிறார்கள். நாம் வேறு அதைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டுமா? இந்திய ஓவியர் கெய்தொண்டே (1924–2001) தன் படங்களை அரூபம் என்று சொல்வதை விரும்பவில்லை என்பது உண்மை. வெளியுலகப் பொருள் எதையும் சுட்டாத படங்கள் என்றே அவற்றைக் கருதினார். அவருடையது போன்ற படங்களுக்கு ‘சுட்டிலா ஓவியம்’ என்று ஒரு சொல் வேண்டுமானால் தனியாகப் பேசலாம். அரூபம் ஓவியர்கள் வாயிலும் சிற்றிதழ்களிலும் ஊறிப்போன சொல், இருந்துவிட்டுப் போகட்டும். (இணையத்தில் ‘சுருக்க ஓவியம்’ என்றுகூடக் கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் abstract என்றே பெயர் என்பதால், ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்துச் சுருக்கத்தைக் கொண்டுவந்து ஓவியத்தின் தலையில் கட்டிவிட்டார்கள்!)

> பார்வையாளர் செய்வதற்குப் ‘பொருள் கண்டறிதல்’ போதாதா?

போதாது, அம்மா. கண்டறிதல் என்றால் ஓவியர் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார், நாம் துழாவி எடுக்கிறோம் என்றாகிவிடும். விடுகதைக்கு அது சரி. அமெரிக்க அரூப ஓவியர் பொல்லாக் 1948 வாக்கில் படங்களுக்குப் பெயர் வைப்பதை விட்டு எண் போட ஆரம்பித்தார். தலைப்பைப் படித்துவிட்டு அதைப் படத்துக்குள் தேடும் வேலை வேண்டாம் என்பதற்காகத்தான். அவர் காலத்து ஓவியர் ரோத்கோவும் பல படங்களுக்கு வெறும் எண்ணே தந்தார். தேடச் சொல்லாத படத்தில் தேடுவது என்ற சொல்லை எப்படி வைப்பது?

நான் முன்வைப்பது ‘பொருள்கோள்’. புதிதாகப் படைத்ததல்ல, வீட்டிலேயே இருக்கிற சொல். செய்யுளின் சொற்களை எந்த முறையில் கூட்டிப் பொருள் கொள்வது என்று நன்னூல் எட்டு வகை சொல்கிறது, பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். அதில் ‘கொள்’ என்ற வினை படிப்பவருடையது, கவிஞருடையது அல்ல. எனக்கு வேண்டியது இதுதான்.

சென்னை ஓவியர்களில் கே. சி. எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை 1966இல் தொடங்கியவர் அவர். படத்தில் எழுத்துப் போல வரிவரியாக ஏதோ இருக்கும், சாதகக் கட்டம் போலக் கோடுகள், கணக்குக் குறிகள். பழகிய கண் இடப்பக்கத்தில் தொடங்கி ஒரு வரியை வாசிக்கப் போகிறது. இரண்டு மூன்று குறிகள் தாண்டியதும் எந்த மொழியும் இல்லை என்று தெரிகிறது. உடனே கண் திரும்புகிறது. முதலில் எழுத்து என்று நினைத்தது இப்போது தடித்த கோடு, நெருக்கம், இடைவெளி. கடைசியில் கிடைத்தது முதலில் பார்த்ததை மாற்றிவிட்டது. பாம்பு வளைக்குள் நுழையும்போது தலை மடங்குவது போல செய்யுளின் ஈற்றுப் பொருள் மேலேறிச் செல்வதை, நன்னூலின் எட்டில் ஒன்றாக, அளைமறிபாப்பு என்பார்களே, அதேதான். அரூப ஓவிய முன்னோடி காந்தின்ஸ்கியின் 1913ஆம் ஆண்டுப் பெரிய படங்களில் சிதறிக் கிடப்பவற்றை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துச் சேர்ப்பது அந்த எட்டில் இன்னொன்றான கொண்டுகூட்டு.

எல்லாம் இப்படிப் பொருந்தாது. டச்சு ஓவியர் மோந்திரியான் 1941இல் செய்த ‘நியூயார்க் நகரம் 1’ அதற்கு நல்ல உதாரணம். கித்தானில் சிவப்பு, மஞ்சள், நீல ஒட்டுநாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது, கையெழுத்து இல்லை. நியூயார்க்கில் 1945இல் காட்சிக்கு வைத்தது முதல், பிறகு 1980இலிருந்து ஜெர்மனியின் டுசெல்டோர்ஃபிலும், அது தலைகீழாகத் தொங்கியிருக்கிறது என்று 2022இல் அங்குள்ள அருங்காட்சியகத்தினர் சொன்னார்கள். 1944இல் அவர் பணியறையில் எடுத்த ஒளிப்படத்தில் நெருக்கமான கோடுகள் மேலே வரும்படி அது நிற்கிறது. பாரிசில் இருக்கும் அதன் சோடிப் படத்திலும் நெருக்கமான கோடுகள் மேலேதான். திருப்பி மாட்டவில்லை, நாடாக்கள் ஏற்கெனவே பிடிவிட்டுப்போய் உரியும் நிலையில் இருக்கின்றன.

இதை எட்டில் மற்றொன்றான அடிமறிமாற்று என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதில் அடிகளை இடம் மாற்றினாலும் பொருள் மாறாது. இங்கே மாறுகிறது. கோடுகள் கீழே நெருங்கினால் கண் அதைத் தரையாக, அடித்தளமாக எடுத்துக்கொள்கிறது. மேலே நெருங்கினால் வானம் கனத்து இறங்குகிறது. இத்தனை ஆண்டுகள் தரையைப் பார்த்தவர்கள் ஏமாந்தவர்களா? அப்படி நான் நினைக்கவில்லை. முன்னால் இருந்ததைக் கொண்டு முழுதாகத்தான் பொருள் கொண்டார்கள். நன்னூலின் எட்டில் இதற்கு இடமில்லை. எனவே சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம், வகைகளை அப்படியே ஓவியத்தின் மேல் ஏற்ற வேண்டாம்.

ஒரு சிக்கல் உண்டு. இலங்கைச் சட்டங்களின் தமிழ்ப் பிரதிகளில் ‘பொருள்கோடல்’ வருகிறது. அங்கே இந்தச் சொல்லுக்கு இதுதான் கருத்து என்று கட்டிப்போடும் பிரிவு அது, நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். அதனால் ‘கோடல்’ வடிவத்தைச் சட்டத்துக்கு விட்டுவிட்டு ‘கோள்’ வடிவத்தை நாம் வைத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் இப்படிப் போடலாமா பாருங்கள்:

காண்போர் பொருள்கோள்: உருவம் சுட்டாத படத்தில் நிறம், கோடு, இடம், கனம் ஆகியவற்றைப் பார்ப்பவர் கூட்டிப் பொருள் கொள்ளுதல். வினை: பொருள்கொள்.

‘பார்வையாளர்’ என்று போட்டால் கிரிக்கெட் மைதானம் நினைவுக்கு வருகிறது, அதனால்தான் ‘காண்போர்’. இலங்கை நண்பர்கள் சட்டச் சொல்லோடு குழம்பும் என்று நினைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மறுப்பு வராவிட்டால் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.