ஜுன்கோ தபெய்: முதல் பெண்ணா, 36ஆவது ஆளா?

முகடன்:
1975 மே 16 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்த ஜப்பானியரான ஜுன்கோ தபெய், ‘முதல் பெண்’ என்பதைவிட ‘36ஆவதாக ஏறியவர்’ என்று தம்மை நினைவுகூர்வதையே விரும்பினார். இருந்தும் அவரைப் பற்றிய எல்லாத் தலைப்புகளிலும் அந்தப் பட்டத்தையே சூட்டுகிறோம். உச்சிக்குச் சற்றுக் கீழே, முந்தைய குழுக்களின் குறிப்புகள் எதிலும் சொல்லப்படாத கத்திமுனை போன்ற பனிமுகடு ஒன்று எதிர்ப்பட்டபோது, உடலின் மேற்பாதியைச் சீனப் பக்கமும் கால்களை நேபாளப் பக்கமும் போட்டு, பக்கவாட்டில் ஊர்ந்தே அதைக் கடந்தார். பேச வேண்டியது அந்த ஏறுதிறனைப் பற்றித்தான்.

செவ்வந்தி:
அது அவருடைய தன்னடக்கம். அதை அப்படியே நாம் வரலாறாக எழுதிவிட முடியாது. 1969இல் அவர் பெண்களுக்கென்று மலையேற்றக் கழகம் தொடங்கியதே, ஆண்களில் சிலர் அவருடன் ஏற மறுத்ததால்தான். எவரெஸ்ட் பயணத்துக்கு நிதி கேட்டுச் சென்ற இடங்களில், பிள்ளை வளர்க்கும் வேலையைப் பாருங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். அவர் பியானோ கற்றுக்கொடுத்துப் பணம் சேர்த்தார். பழைய கார் இருக்கை உறைகளை வெட்டி, கையுறைகளுக்கு மேலுறை தைத்தார். ‘36’ என்ற எண்ணில் இவற்றுக்கெல்லாம் இடம் ஏது?

முகடன்:
அந்தத் தடைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் திபெத்தைச் சேர்ந்த ஃபான்டோக், பதினொரே நாள் கழித்து வடக்குப் பக்கமாக ஏறி அதே உச்சியை அடைந்தார். மே 4 அன்று 6,300 மீட்டர் உயரத்தில் இருந்த முகாமின் மேல் பனிச்சரிவு விழுந்து தபெய் புதையுண்டபோது, நேபாள மலைவழிகாட்டிகளான ஷெர்ப்பாக்கள் அவரை வெளியே இழுத்துக் காப்பாற்றியிராவிட்டால், இந்தப் பட்டம் ஃபான்டோக்குக்குப் போயிருக்கக்கூடும். சில நாள் வித்தியாசத்தில் கைமாறியிருக்கக்கூடிய ஒரு பட்டத்தை வைத்து ஒருவரின் வாழ்வை அளப்பது எனக்கு உடன்பாடில்லை.

வழிப்போக்கன்:
இருவரும் ஒருவரை மறந்துவிட்டீர்கள். இரண்டு பெண்களை உச்சிக்கு அனுப்புவதே முதல் திட்டம். ஷெர்ப்பாக்கள் உயர நோயால் தளர்ந்ததால் போதிய ஆக்சிஜன் உருளைகளை மேலே கொண்டுசெல்ல முடியாமல் போக, ஒருவர் மட்டுமே போகலாம் என்ற நிலை வந்தது. தபெய் போகட்டும் என்று முடிவு செய்தவர் குழுத் தலைவி எய்கோ ஹிசானோ. உடன் ஏறிய ஆங் செரிங் ஷெர்ப்பாவின் பெயரையும் இதுவரை யாரும் குறிப்பிடவில்லை.

செவ்வந்தி:
ஹிசானோவை விட்டது என் தவறுதான். ஆனால் அவர் தலைமையில் சென்ற 15 பேரும் பெண்களே என்பதால், தாங்கள் சொன்னது என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. முகடன் அவர்களுக்காக ‘முதல்’ என்ற சொல்லை வேண்டுமானால் விட்டுத்தருகிறேன். ‘பெண்’ என்ற சொல்லை விட்டுத்தர மாட்டேன்.

முகடன்:
அப்படியானால் நமக்குள் பாதி வழக்குத்தான் மிச்சம். தலைப்பில் ஹிசானோவின் பெயரையும் சேர்ப்பதாக இருந்தால், அந்தப் பாதியையும் விட்டுவிடுகிறேன்.